திறமை விளையாட்டும் தூண்டில் மீனும்



போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண வீட்டில், சாப்பாட்டுப் பந்திக்குக் காத்திருந்தபோது என் பழைய மாணவர்கள் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். பேச்சு எங்கெங்கோ போய் ரம்மியில் வந்து நின்றது. அதில் ஒருவன் கேட்டான்: "சார், ரம்மி சூதாட்டம் இல்ல, திறமை விளையாட்டுன்னு கோர்ட்டே சொல்லிருச்சுல்ல? திறமையா ஆடி நாலு காசு பார்த்தா என்ன தப்பு?"

பந்தி கூப்பிட்டுவிட்டார்கள். பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் கேள்வி விடவில்லை. முப்பத்து மூன்று வருடம் வரலாறு நடத்தியவன் இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லி நழுவக்கூடாது. அதனால் இந்த நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் என்னைப் பற்றிய ஒரு விஷயமும் இருக்கிறது.

முதலில் கோர்ட் சொன்னது என்ன என்று பார்ப்போம்.

வெள்ளைக்காரன் காலத்தில் 1930-ல் வந்தது சென்னை மாகாணச் சூதாட்டச் சட்டம். அதன் 11-ஆம் பிரிவு, வெறும் திறமையால் ஆடப்படும் விளையாட்டுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று விலக்கு அளித்தது. இப்படிப்பட்ட விலக்கு வேறு மாகாணச் சட்டங்களிலும் இருந்தது. ஆனால் எது திறமை, எது அதிர்ஷ்டம் என்று சட்டம் விளக்கவில்லை. 1957-ல் சமர்பாக்வாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது: திறமை கணிசமாக வேண்டியிருக்கும் போட்டி சூதாட்டம் ஆகாது. அடுத்து செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் போலீஸ் நுழைந்து ரம்மி ஆடியவர்களைப் பிடித்தது. அந்த வழக்கு மேலே மேலே போய் 1967 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. நீதிபதி ஹிதாயதுல்லா எழுதிய தீர்ப்பு. மூணு சீட்டு முழுக்க அதிர்ஷ்டம். ரம்மி அப்படி அல்ல, விழுந்த சீட்டை நினைவில் வைக்க வேண்டும், எதைப் பிடித்து எதை இறக்குவது என்று யோசிக்க வேண்டும், ஆகவே அதில் திறமையே மேலோங்கி நிற்கிறது என்றார். 1996-ல் நம் தமிழ்நாட்டுக் குதிரைப் பந்தய வழக்கிலும் இதே அளவுகோல்தான்.

ஆனால் அதே 1967 தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது. கிளப் நடத்துகிறவர் சீட்டு, மேசை, நாற்காலிக்குக் கட்டணம் வாங்கலாம். ஆட்டத்திலிருந்தே லாபம் எடுக்கிறார் என்றால் கதை வேறு என்றது. இந்த இரண்டாவது பாதியை யாரும் வாட்ஸப்பில் அனுப்புவதில்லை.

இனி தம்பி கேட்ட கேள்விக்கு வருவோம். திறமை இருந்தால் சூதாட்டம் இல்லை என்பது சட்டத்தின் கேள்விக்கான பதில். போலீஸ் பிடிக்கலாமா, கூடாதா என்பது அந்தக் கேள்வி. அந்த மேசையில் உட்காரலாமா என்பது வேறு கேள்வி. ஒரு நிமிடம் யோசியுங்கள். லாட்டரிச் சீட்டில் எனக்கும் உங்களுக்கும் ஒரே வாய்ப்புதான். பட்டம் படித்தவனும் படிக்காதவனும் அங்கே சமம். திறமை விளையாட்டில் சமம் கிடையாது. திறமை குறைந்தவன் இன்று ஜெயிக்கலாம், நாளை ஜெயிக்கலாம், ஆறு மாதத்தில் தோற்றே தீருவான். திறமை என்ற சொல்லுக்கு அர்த்தமே அதுதான். அதாவது, "இது திறமை விளையாட்டு" என்று விளம்பரம் சொல்லும்போது, "உன்னைவிடத் திறமைசாலி உன் பணத்தை எடுத்துக்கொள்வான், அது தற்செயல் அல்ல" என்றும் சேர்த்தே சொல்கிறது.

இது புதுச் செய்தி அல்ல. மகாபாரதத்திலேயே இருக்கிறது. சகுனி பகடையை உருட்டினான், தருமன் தோற்றான் என்று கதையைச் சுருக்கிவிடுகிறோம். அதற்கு முந்தைய பேச்சைக் கவனிக்க மாட்டோம். துரியோதனனிடம் சகுனி சொல்லும் யோசனை இதுதான்: தருமனுக்குச் சூது பிடிக்கும், ஆனால் ஆடத் தெரியாது, கூப்பிட்டால் மறுக்கவும் மாட்டான். இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆசை உண்டு, திறமை இல்லை, எழுந்து போகத் தெரியாது. உலகத்தில் எந்தச் சூதாடியும் தேடுகிற ஆள் இவன்தான். சகுனி பகடையைப் பார்ப்பதற்கு முன்னால் ஆளைப் பார்த்தான்.

இன்னொன்றும் கவனியுங்கள். முதல் ஆட்டத்தில் எல்லாம் போன பிறகு, பாஞ்சாலி கேட்ட வரத்தால் திருதராட்டிரன் அனைத்தையும் திருப்பித் தந்துவிட்டான். பாண்டவர்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். வழியில் மறுபடி அழைப்பு வந்தது. தருமன் திரும்பிப் போய் உட்கார்ந்தான். பன்னிரண்டு வருடம் வனவாசமும் ஒரு வருடம் மறைந்த வாழ்வும் அந்த இரண்டாவது ஆட்டத்தில் வந்தவை.

இந்தக் கதையைத் தமிழில் பாடிய வில்லிபுத்தூராருக்கு நம் ஊர்ப் பெரியாழ்வாரின் பெயரைத்தான் வைத்தார்கள் என்பார்கள். அவர் பிறந்தது நடுநாட்டில், நம் ஊரில் இல்லை. ஆனாலும் பாரதத்தில் சூதுபோர்ச் சருக்கம் பாடியவர் பெயரில் நம் ஊர் இருப்பது எனக்கு எப்போதும் ஒரு பெருமை. நம் பக்கத்துக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. தென்காசியிலிருந்து ஆண்ட அதிவீரராம பாண்டியர் 16-ஆம் நூற்றாண்டில் பாடிய நைடதம், சூதில் நாட்டை இழந்த நளனின் கதை. ஒரு ராஜாவே உட்கார்ந்து, சூதில் நாட்டைத் தோற்ற இன்னொரு ராஜாவின் கதையைப் பாடியிருக்கிறார்.

அந்த நளன் கதையை மகாபாரதத்தில் யார் சொல்கிறார், யாருக்குச் சொல்கிறார் தெரியுமா? காட்டில் தருமனுக்குப் பிருகதசுவர் என்ற முனிவர் சொல்கிறார். சொல்லி முடித்துவிட்டு, பகடையின் ரகசியத்தையும் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகிறார். பிறகு விராடன் அரண்மனையில் தருமன் கங்கன் என்ற பெயரில் வேலைக்குச் சேர்கிறான். என்ன வேலை? ராஜாவோடு சொக்கட்டான் ஆடுவது. அங்கே ஜெயித்த பணத்தை ராஜாவுக்குத் தெரியாமல் தம்பிகளுக்குக் கொடுத்தான் என்று பாரதம் சொல்கிறது. ஏமாந்தவன் ஆட்டம் படித்துக்கொண்டு, தன்னைவிடத் தெரியாத ஒருவன் எதிரே உட்கார்ந்துவிட்டான். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. காரணம் கடைசியில்.

வள்ளுவர் சூதுக்கு ஓர் அதிகாரமே, 94-ஆம் அதிகாரம், ஒதுக்கினார். அதில் முதல் குறளின் கருத்து என்னைப் பல வருடம் யோசிக்க வைத்தது. ஜெயித்தாலும் சூதை விரும்பாதே என்கிறார். ஏனென்றால் அந்த வெற்றி, மீன் விழுங்கிய தூண்டில் போன்றது. தோல்வி கெடுதல் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். வெற்றிதான் முள் என்று சொன்னவர் அவர். அடுத்த குறளில், ஒன்றைப் பெற்று நூறை இழக்கிறவன் என்கிறார். கடைசிக் குறளில், இழக்க இழக்க ஆசை கூடும் என்கிறார். தொற்றிக்கொண்ட பழக்கம் என்று இன்று மருத்துவர்கள் சொல்வதை மூன்று குறளில் முடித்துவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கை. சீமையில் போக்கர் என்று ஒரு சீட்டாட்டம் உண்டு. அதைத் தொழிலாகவே ஆடுகிறவர்கள், பொழுதுபோக்குக்கு வந்து பணம் விடுகிறவனுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'மீன்'. அவர்கள் திருக்குறள் படித்தவர்கள் அல்ல. தூண்டில் போடுகிறவனுக்கு உலகமெங்கும் ஒரே கண்தான் போலிருக்கிறது.

அந்தத் தொழில்காரர்களின் புத்தகங்களைப் பேரன் தயவில் புரட்டிப் பார்த்தேன். இரண்டு வழி சொல்கிறார்கள். ஒன்று, யார் எதிரே இருந்தாலும் தன்னிடம் ஓட்டை இல்லாமல் ஆடுவது. 2017-ல் அமெரிக்காவில் லிப்ரேட்டஸ் என்ற கணினி நிரல் நான்கு தேர்ந்த ஆட்டக்காரர்களை 1,20,000 ஆட்டங்களில் வென்றது இந்த வழியில்தான். இரண்டாவது வழி, எதிராளியின் குறையைக் கண்டுபிடித்து அதற்கு ஏற்றபடி தன் ஆட்டத்தை மாற்றிக்கொள்வது. சீட்டைக் கீழே வைக்க மனம் வராதவனிடம் பொய்ப் பந்தயம் கட்டி மிரட்டாதே, அவன் பயப்பட மாட்டான். நல்ல சீட்டு வரும்வரை காத்திருந்து பெரிதாகக் கட்டு, அவன் கொடுப்பான். பயந்தவனிடம் சீட்டே இல்லாமல் மிரட்டு, ஓடுவான். தோற்று ஆத்திரத்தில் இருப்பவனை எழுந்து போக விடாதே. தெரியாதவன் தப்பாக ஆடினால் திருத்தாதே, கேலி செய்யாதே, அவன் சந்தோஷமாக இருக்கட்டும். எந்த மேசையில் மீன் இருக்கிறதோ அங்கே போய் உட்கார்.

இதில் களவு எதுவும் இல்லை. சீட்டில் குறி இல்லை, பகடையில் ஈயம் இல்லை. எல்லாம் 'திறமை'தான்.

நம் ஊர் ரம்மிக்கு இதை அப்படியே பொருத்தலாம். பதின்மூன்று சீட்டு. கை சரியில்லை என்றால் முதலிலேயே ஸ்கூட் போட்டுவிட்டால் 20 பாயிண்ட்தான் போகும். நடுவில் போட்டால் 40. கடைசி வரை நம்பி உட்கார்ந்து ஃபுல் கொடுத்தால் 80. தேர்ந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் வித்தியாசம், ஜெயிக்கும் கையில் அவ்வளவு இருக்காது. தோற்கும் கையில்தான் இருக்கும். ஒருவன் இருபதில் முடித்துக்கொள்வான், இன்னொருவன் எண்பது கொடுப்பான்.

அப்புறம் மேசை போட்டவன் பங்கு. இதுவும் பழசு. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் சூதாட்டத்துக்கென்று ஓர் அதிகாரி உண்டு. ஒரே இடத்தில்தான் ஆட வேண்டும், அரசு தரும் பகடையில்தான் ஆட வேண்டும், ஜெயித்த பணத்தில் நூற்றுக்கு ஐந்து அரசுக்கு. நம் மாநில அரசே 1968-ல் லாட்டரி தொடங்கி, 2003-ல் லாட்டரியைத் தடை செய்தது. செல்போன் செயலிகளும் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு பங்கு எடுத்துக்கொண்டன.

ஒரு கணக்குப் போடுவோம். கணக்கு வாத்தியார் மன்னிக்கட்டும். சமத் திறமை உள்ள இரண்டு பேர் ஆளுக்கு 100 ரூபாய் வைத்து ஆடுகிறார்கள். மொத்தம் 200. நடத்துகிறவர் நூற்றுக்குப் பத்து, 20 ரூபாய் எடுத்தால் ஜெயித்தவனுக்கு 180. அதாவது ஜெயித்தால் 80 லாபம், தோற்றால் 100 நஷ்டம். நூறு ஆட்டத்தில் ஆளுக்கு ஐம்பது ஜெயித்தால் வரவு 4,000, செலவு 5,000. இரண்டு பேருமே ஆயிரம் ரூபாய் தோற்றிருப்பார்கள். 2,000 ரூபாய் மேசைக்காரனிடம் போயிருக்கும். கைக்காசு போகாமல் இருக்கவே நூற்றுக்கு 56 ஆட்டம் ஜெயிக்க வேண்டும். அந்த ஆறு ஆட்டம் எங்கிருந்து வரும்? நம்மைவிடத் தெரியாதவனிடமிருந்துதான் வர வேண்டும். அதனால்தான் எப்போதும் புது ஆட்கள் தேவைப்பட்டார்கள். முதலில் இலவச ஆட்டம், சேர்ந்தவுடன் போனஸ், நடிகர்கள் வந்து கூப்பிடும் விளம்பரம், எல்லாம் குளத்தில் மீன் விடுகிற வேலை.

கிளப் மேசையில் ஒரு நல்லது இருந்தது. ராத்திரி ஒரு நேரத்துக்குப் பூட்டிவிடுவார்கள். எதிரே இருப்பவன் முகம் தெரியும். போனில் இரண்டும் இல்லை. கொரோனா காலத்தில் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தவர்கள் கையில் அது வந்து சேர்ந்தது. அப்புறம் நடந்தது செய்தித்தாளில் நாம் எல்லோரும் படித்தது. கடன், தற்கொலை, குடும்பத்தோடு மாண்டவர்கள்.

சட்டத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2020 நவம்பரில் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் போட்டது, 2021-ல் அது சட்டமானது. அதே ஆண்டு ஆகஸ்ட் 3-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. திறமை விளையாட்டையும் சேர்த்து மொத்தமாகத் தடுக்கிறது என்பது முக்கியக் காரணம். 2022 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு, அக்டோபரில் மறுபடி அவசரச் சட்டம், அதே மாதம் சட்டமன்றத்தில் மசோதா. 2023 மார்ச்சில் ஆளுநர் திருப்பி அனுப்பினார், அதே மாதம் சட்டமன்றம் இரண்டாம் முறை நிறைவேற்றியது, ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. நவம்பர் 9-ஆம் தேதி உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்பதால் அந்தத் தடை அவற்றுக்குப் பொருந்தாது, நேரம், வயது என்று கட்டுப்பாடு வைக்கலாம் என்றது. அப்படி வந்ததுதான் 2025-ல் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக்கூடாது என்ற விதி. ஜூனில் உயர் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் போட்டது. திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஒதுக்கி வைத்துவிட்டு, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவானாலும் கூடாது என்றது. ஆகஸ்ட் 22 குடியரசுத் தலைவர் ஒப்புதல். பெரிய நிறுவனங்கள் பண ஆட்டத்தை நிறுத்தின. எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் போயின.

அறுபது வருடமாக நீதிமன்றங்கள் 'திறமை' என்ற ஒரே சொல்லைச் சுற்றி வந்திருக்கின்றன. தோற்கிறவன் யார் என்ற கேள்வி பெரும்பாலும் வெளியே நின்றது.

இனி என் கதை.

1980-களில் நான் ராஜபாளையத்தில் குடியிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பள்ளிக்கூடம் போய்வந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மனமகிழ் மன்றத்தில் ரம்மி. மன்றத்தின் பெயர் வேண்டாம். பாயிண்டுக்குப் பத்து பைசா. ஃபுல் கொடுத்தால் எட்டு ரூபாய். இன்று சிரிப்பீர்கள், அன்று மாதச் சம்பளத்தில் அது தெரிகிற பணம். எனக்கு நினைவாற்றல் நன்றாக இருந்தது. விழுந்த சீட்டு அத்தனையும் மனதில் நிற்கும். ஆண்டுக் கணக்கும் அரசர் பெயரும் நின்ற அதே இடத்தில்தான்.

சத்திரப்பட்டிப் பக்கமிருந்து ஒருவர் வருவார். பேண்டேஜ் துணி நெய்கிற தறிகள் நாலைந்து சொந்தமாக வைத்திருந்தார். சனிக்கிழமை துணிக்குப் பணம் வாங்கிக்கொண்டு நேரே மன்றத்துக்கு வந்துவிடுவார். அண்ணாச்சி என்போம். நல்ல மனிதர். ஸ்கூட் போடவே மாட்டார். "வந்த சீட்டை எப்படிங்க சார் தூக்கிப் போடுறது, ஆடித்தான் பார்ப்போமே" என்பார். ஆடிப் பார்த்து எண்பது கொடுப்பார்.

நாங்கள் நாலைந்து பேர் அவருக்காக ஒரு நாற்காலியைக் காலியாகவே வைத்திருப்போம். "அண்ணாச்சி வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவோம். அவர் தப்பான சீட்டை இறக்கினால் யாரும் வாய் திறக்க மாட்டோம். தொடர்ந்து தோற்று எழுந்திருக்கப் பார்த்தால், ஒரு கை நான் வேண்டுமென்றே ஸ்கூட் போட்டு அவரை ஜெயிக்க விட்டிருக்கிறேன். டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன். யாரும் எனக்கு இதைக் கற்றுக்கொடுக்கவில்லை. எந்தப் புத்தகமும் படிக்கவில்லை. தானாக வந்தது. ஜெயித்த பணத்தில் வீட்டுக்கு ஒரு சீலிங் ஃபேன் வாங்கினேன். என் மனைவிக்கு அது டியூஷன் பணம்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. ஒரு ஜூன் மாதம் எட்டாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் நோட்டு இல்லாமல் வந்தான். இரண்டாம் வாரமும் இல்லை. அதட்டினேன். "அப்பா தறியை வித்துட்டாரு சார். அடுத்த வாரம் வாங்கித் தாரேன்னாரு" என்றான். எந்த ஊர், அப்பா பெயர் என்ன என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

அன்று ராத்திரி வீட்டில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நான் திண்ணையில் படுத்தேன். புழுக்கமா என்று மனைவி கேட்டாள். ஆமாம் என்றேன்.

மன்றத்துக்குப் போவதை நிறுத்தினேன். அந்தப் பையனுக்கு நோட்டு, புத்தகம், சீருடை வாங்கிக் கொடுத்தேன். எல்லோரும் நல்ல வாத்தியார் என்றார்கள். எடுத்த பணத்தை அண்ணாச்சியிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுத்தால் ஏன் என்று சொல்ல வேண்டுமே. அவர் கூலித் தறிக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றினார். இப்போது இல்லை.

தம்பி, நீ கேட்டாயே, திறமையாக ஆடிச் சம்பாதித்தால் என்ன தப்பு என்று. நான் சட்டப்படி எந்தத் தப்பும் செய்யவில்லை. களவாட்டமும் ஆடவில்லை. ஜெயித்துக்கொண்டே இருந்தேன். ஜெயிப்பதற்கு அண்ணாச்சி தோற்றுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. இதுதான் என் பதில்.

அந்தப் பையன் இன்று நல்ல நிலையில் இருக்கிறான். இந்தப் பதிவைப் போடுவதற்கு முன்னால் போனில் கூப்பிட்டு முழுவதையும் படித்துக் காட்டினேன். இத்தனை வருடத்தில் முதல் முறையாகச் சொல்கிறேன். கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. "அப்பா உங்களைப் பத்தி நல்லா ஆடுவாருன்னு சொல்லுவாரு சார்" என்றான். பிறகு, "பேர் மட்டும் போடாதீங்க. மத்தபடி போடுங்க, பிள்ளைங்க படிக்கட்டும்" என்றான்.

உங்களில் யாராவது, உங்கள் வீட்டில் யாராவது இதில் மாட்டியிருந்தால் வெட்கப்படாதீர்கள். தடைக்குப் பிறகும் வேறு வேறு பெயரில் தூண்டில் வந்துகொண்டுதான் இருக்கும். முதலில் வீட்டில் ஒருவரிடமாவது கடன் தொகையை மறைக்காமல் சொல்லுங்கள். மனசு தாங்கவில்லை என்றால் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதுவும் கூச்சமாக இருந்தால் எனக்குப் போன் செய்யுங்கள். பிரம்பை எப்போதோ கீழே போட்டாயிற்று. திட்ட மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் வரலாறு சார்